மாநிலத்துக்கு ஏது அந்நியச் செலாவணி?
ஏற்றுமதி, அந்நிய முதலீடு, கூலி: தமிழ்நாட்டை முன்வைத்து ஒரு விசாரணை

ஏற்றுமதி ஏன் வேண்டும் என்று கேட்டால் நம் பொருளாதாரப் பாடநூல்கள் சொல்லும் முதல் பதில் அந்நியச் செலாவணி. 1991இல் சில வார இறக்குமதிக்கே கையிருப்பு போதும் என்ற நிலை வந்தபோது, தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்த நினைவு அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிறது. நாட்டைப் பொறுத்தவரை அது சரியான பதில். மாநிலத்தைப் பொறுத்தவரை? திருப்பூரில் தைத்த டி-சர்ட்டுக்கு ஹாம்பர்க்கிலிருந்து வரும் யூரோ இந்தியாவின் செலாவணிக் கணக்கில் சேர்கிறது. தமிழ்நாட்டுக்கென்று கையிருப்பு கிடையாது. அதற்குச் செலாவணி நெருக்கடி வரவும் முடியாது. ரூபாயின் மாற்று மதிப்பும் சுங்கத் தீர்வையும் வணிக உடன்படிக்கைகளும் தில்லியின் அதிகாரத்தில் இருப்பவை. நாட்டுக்காக எழுதிய வாதத்தை அப்படியே மாநிலத்துக்கும் பொருத்தி, டாலர் கூடினால் மாநிலம் வளர்ந்துவிட்டது என்று கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மாநிலத்துக்கு ஏற்றுமதியாலும் அந்நிய முதலீட்டாலும் வரும் நன்மை பெரும்பாலும் இரண்டே வழிகளில் வருகிறது: இங்கே கொடுக்கப்படும் கூலி, இங்கே வாங்கப்படும் பொருளும் சேவையும். டாலர்த் தொகை இவ்விரண்டுக்கும் நம்பகமான அளவுகோல் ஆகாது. கடந்த 20 ஆண்டுத் தமிழ்நாட்டு அனுபவத்தைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

கணக்கு எங்கே எழுதப்படுகிறது

முதலில் புகழ்பெற்ற எண்களைப் பார்ப்போம். 2024-25இல் தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 5,207 கோடி டாலர். இதில் மின்னணுப் பொருட்கள் மட்டும் 1,465 கோடி டாலர். 2020-21இல் அது வெறும் 166 கோடி டாலராக இருந்தது. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இந்தியாவின் மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு மாநிலத்திலிருந்து போகிறது. இவற்றைப் பெருமையாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் இவை கப்பலிலும் விமானத்திலும் ஏறிய பொருளின் முழு மதிப்பைச் சொல்பவை. அந்தப் பொருளுக்குள் இறக்குமதியான பாகம் எவ்வளவு, இங்கே சேர்த்த மதிப்பு எவ்வளவு என்பதை அவை பிரித்துக் காட்டுவதில்லை.

அந்நிய நேரடி முதலீட்டுப் புள்ளிவிவரத்தில் இன்னொரு வகைச் சிக்கல் இருக்கிறது. 2019 அக்டோபருக்கு முன்பு இது ரிசர்வ் வங்கியின் வட்டார அலுவலகங்கள்வழி பதிவானது. அதன் பிறகே மாநிலவாரிக் கணக்கு வந்தது. அதுவும் வெளியிலிருந்து பங்கு மூலதனமாக வரும் பணத்தை மட்டுமே எண்ணுகிறது. இங்கே பல்லாண்டு இயங்கிய ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் லாபத்தைக் கொண்டே ஆலையை விரிவாக்கினால் அது மாநிலவாரி எண்ணில் ஏறாது. 1990களின் இறுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்துவரும் ஹூண்டாய் போன்ற நிறுவனங்கள் இருக்கும் மாநிலத்தில் இது சிறிய விடுபடல் அல்ல. மகாராட்டிரத்தின் பங்கைக் காட்டித் தமிழ்நாடு பின்தங்கிவிட்டது என்று பேசுவோரும், ஓராண்டு உயர்வைக் காட்டி முந்திவிட்டது என்று பேசுவோரும் ஒரே குறையுள்ள தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

வரியைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். சரக்கு-சேவை வரி, நுகரும் இடத்துக்குச் சேரும் வரி. ஏற்றுமதிக்கு அது பூச்சியம். மூலப்பொருளில் கட்டிய வரியும் ஏற்றுமதியாளருக்குத் திரும்பிவிடும். நிறுவன வருமான வரியும் சுங்கத் தீர்வையும் ஒன்றிய அரசுக்குப் போகின்றன. அங்கிருந்து மாநிலங்களுக்குப் பகிரும் தொகுப்பில் 15ஆவது நிதிக் குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 விழுக்காடு. ஆக, ஏற்றுமதி ஆலை ஒன்று ஈட்டும் லாபத்தின் மீதான வரியில் நூறு ரூபாய் தில்லிக்குப் போனால், பகிர்வுவழி சென்னைக்குத் திரும்புவது இரண்டு ரூபாய்க்கும் குறைவு. நிலம், சாலை, தண்ணீர், மின்சாரம், மூலதன மானியம், காவல் ஆகியவற்றின் செலவை மாநிலமே ஏற்கிறது. இந்தச் செலவு திரும்பக் கிடைக்க உள்ள முக்கிய வழி, ஆலைக்குள் போகும் தொழிலாளி வாங்கும் சம்பளம். அவர் மளிகை வாங்குகிறார், வண்டி வாங்குகிறார், வீட்டு வாடகை கொடுக்கிறார். அங்கேதான் மாநிலத்தின் வரியும் பிறருக்கான வேலையும் பிறக்கின்றன. தொழிற்சாலை வாசலில் இருக்கும் டீக்கடையைப் பொருளாதார அறிஞர்கள் மறைமுக வேலைவாய்ப்பு என்கிறார்கள். அந்த டீக்கடை ஏற்றுமதித் தொகையை நம்பி நடப்பதில்லை, கூலியை நம்பி நடக்கிறது.

ஒரு வேலைக்கு எவ்வளவு

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நேரடி வேலை 14.54 லட்சம், மறைமுக வேலை 12.35 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. நேரடி வேலையை மட்டும் கொண்டு வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறத்தாழ 46 லட்சம் ரூபாய் முதலீடு. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது விருப்பத்தின் அறிவிப்பு, நிச்சயதார்த்தம் அளவுக்குக்கூட உறுதியில்லாதது என்பதை ஒருபுறம் வைத்துவிடுவோம். சராசரி மறைப்பதுதான் இங்கே முக்கியம்.

இரண்டு ஒப்பந்தங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்ப்பேட்டையில் காலணி ஆலை அமைக்க 2,302 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. வாக்களித்த வேலைகள் 20,000. அதாவது ஒரு வேலைக்குச் சுமார் 11.5 லட்சம் ரூபாய். மறைமலைநகரில் 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு, 2025 அக்டோபர் 31 அன்று அதே ஆலையில் என்ஜின் செய்ய 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது, வேலைகள் 600. ஒரு வேலைக்கு 5.4 கோடி ரூபாய். இரண்டும் அந்நிய முதலீடுதான், இரண்டும் ஏற்றுமதி நோக்கம் கொண்டவைதான், இடையே 47 மடங்கு வித்தியாசம். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இரண்டாவது ஒப்பந்தமே பெரிய தொகையாகத் தெரியும்.

காலணி ஆலையில் கிடைக்கும் கூலி குறைவு, என்ஜின் ஆலையின் சம்பளம் கூடுதல், ஆகவே தலையை மட்டும் எண்ணுவது தவறு என்று இதற்கு மறுப்பு சொல்லலாம். நியாயமான மறுப்பு. அதனால்தான் நான் தலைக்கணக்கைச் சொல்லாமல் கூலித் தொகையைச் சொல்கிறேன்; எத்தனை பேர், எவ்வளவு சம்பளம் என்பதன் பெருக்கல் அது. என்ஜின் தொழிலாளி காலணித் தொழிலாளியைப் போல ஐந்து மடங்கு வாங்கினாலும் அந்த 47ஐ நிரப்ப முடியாது. என்ஜின் ஆலைக்குச் சாதகமாக ஒன்று உண்டு: அதன் பாகங்களை வார்த்தும் கடைந்தும் கொடுக்கும் அம்பத்தூர், கோவை, ஓசூர்ப் பட்டறைகள். அந்தத் தொடர்பு உண்மையில் எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தே தீர்ப்பு அமையும். அந்தத் தொடர்பு எப்படி உண்டாயிற்று என்பதைப் பின்னர் பார்ப்போம்.

திருப்பூர்: அந்நிய முதலீடு இல்லாத ஏற்றுமதி

ஏற்றுமதியையும் அந்நிய முதலீட்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. திருப்பூர் அந்த இரட்டையைப் பிரித்துக் காட்டுகிறது. உள்நாட்டுக்குப் பனியன் செய்துகொண்டிருந்த ஊர் 1970களின் இறுதியில் ஐரோப்பிய ஆர்டர்களைப் பிடித்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது சீனாவோடும் வங்கதேசத்தோடும் நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. இந்தப் பயணம் முழுவதிலும் மூலதனம் பெரும்பாலும் உள்ளூருடையது. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்த கவுண்டர் சாதியினர் எப்படி முதலாளிகளானார்கள் என்பதை ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர்கள் தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்லிக்கொண்டதையும், அந்தச் சொல்லாடல் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் அவர் சேர்த்தே காட்டுகிறார்.

திருப்பூரின் பலம் பிரிந்து கிடக்கும் உற்பத்தியில் இருக்கிறது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், எம்பிராய்டரி ஒருவர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் இன்னும் பலர். ஜாப் ஒர்க் என்ற ஒரே சொல்லில் அடங்கும் இந்த வலையில் ஆர்டர் ஒன்று பல கைகள் வழியாக நகர்கிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்குகிறது. பஞ்சு பெரும்பாலும் குசராத்திலிருந்தும் மகாராட்டிரத்திலிருந்தும் வருகிறது என்பதால் மாநில எல்லைக்குள் தங்கும் மதிப்பு முழுமையானதல்ல. ஆனாலும் நூல் முதல் அட்டைப்பெட்டி வரை கொங்கு வட்டாரத்திலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஒரு டாலர் ஏற்றுமதிக்கு இங்கே எழும் கூலி, கைபேசி ஒருங்கிணைப்பில் எழுவதைவிடப் பல மடங்கு.

இதைப் பொற்காலக் கதையாக்க வேண்டியதில்லை. நொய்யல் ஆறு இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு. சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் போயிற்று. அங்கே விளைநிலம் இழந்த உழவர்களின் வருமானத்தை எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் கழித்துக்கொண்டதில்லை. உழவர்கள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகே, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை நடைமுறைக்கு வந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டைச் சொல்லியிருந்தது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களின் கூலி பல ஆண்டுகள் பிடித்து வைக்கப்பட்ட கதையும் இந்த ஏற்றுமதிச் சங்கிலியில் சேர்ந்ததே. கூலி மாநிலத்தில் தங்குகிறது என்றால், அது உழைத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்: வந்ததும் போனதும் மீண்டும் வந்ததும்

மறுமுனையில் ஸ்ரீபெரும்புதூர். 2005இல் ஒப்பந்தமாகி 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலோர் முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள், அவர்களில் பெண்கள் மிகுதி. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகை மீது வருமான வரித் துறையும், ஏற்றுமதி என்று காட்டியவை உள்நாட்டில் விற்கப்பட்டன என்று மாநில வணிகவரித் துறையும் வரி கோரின. நிறுவனம் இரண்டையும் மறுத்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விற்பனையிலிருந்து விடுபட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே பக்கத்தில் இருந்த ஒருங்கிணைப்பு நிறுவனமான ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. சுற்றியிருந்த பாக ஆலைகள் ஒரே வாங்குநரை நம்பி இருந்தவை என்பதால் அந்த வளாகம் ஒன்றாகவே சரிந்தது. திருப்பூரில் ஒரு வாங்குநர் போனால் இன்னொருவரைத் தேடலாம். இங்கே தேட ஆளில்லை.

வேலைக்கு வந்தவர்களை வெறும் எண்ணாகப் பார்த்ததன் விளைவு 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. மீண்டும் இயங்கிவந்த ஃபாக்ஸ்கானின் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள் தொழிலாளர்கள். 2024இல் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரத்துக்காக ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தது. முதல் நிகழ்வுக்கு அரசு தந்த பதில்களில் ஒன்று வல்லம் வடகாலில் ஏறத்தாழ 706 கோடி ரூபாயில் 18,720 பேருக்குச் சிப்காட் கட்டிய விடுதி. நல்ல பதில்தான், ஆனால் கம்பெனி செய்ய வேண்டிய செலவில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கைபேசியில் எவ்வளவு இங்கே தங்குகிறது? இந்தியாவுக்கு நம்பத்தக்க பகுப்பாய்வு அரிது; சீனாவுக்கு உண்டு. யூச்சிங் ஷிங், நீல் டெடர்ட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி 2009இல் ஒரு ஐபோனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர், அதில் சீனாவின் ஒருங்கிணைப்புக் கூலி 6.50 டாலர், அதாவது 3.6 விழுக்காடு. ஏற்றுமதிக் கணக்கில் முழு 178.96 டாலரும் சீனாவின் பெயரில் ஏறியது. ஒன்றிய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தை ரகுராம் ராஜனும் உடன் எழுதியோரும் 2023இல் விமர்சித்தபோது எழுப்பிய கேள்வியும் இதுதான்: பாகங்கள் இறக்குமதியாகும்போது முழுக் கைபேசியின் ஏற்றுமதியை மட்டும் எண்ணலாமா?

இரண்டு மறுப்புகள்

கைபேசியில் இங்கே தங்குவது சொற்பம் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஐபோனை ஆய்ந்த அதே ஷிங்கிடமிருந்தே வருகிறது. பின்னர் ஐபோன் எக்ஸ் மாதிரியை அவர் பிரித்துப் பார்த்தபோது சீன நிறுவனங்கள் சேர்த்த மதிப்பு 25.4 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆக, திருகாணி முடுக்குவதில் தொடங்கினாலும் மேலே ஏறலாம். இதை நான் ஏற்கிறேன். ஆனால் எப்படி ஏறினார்கள்? சீனர்களுக்குச் சொந்தமான கம்பெனிகள் பாகங்களைச் செய்து கொடுப்பவர்களாக மாறியதால். ஒருங்கிணைப்புக் கூடம் பெரிதானதால் மட்டும் அது நடக்கவில்லை. தமிழ்நாட்டில் இதற்கு நிகரான அசைவு உண்டு. ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைபேசியின் உறைகளைச் செய்கிறது. 2025 ஜனவரியில் ஐபோன் ஒருங்கிணைப்பு நிறுவனமான பெகாட்ரானின் சென்னை ஆலையில் 60 விழுக்காட்டை அது வாங்கியது. 2025இல் ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாயில் பாக உற்பத்திக்குத் திட்டம் கொண்டுவர, அதற்கு இணையாக மாநிலமும் தன் பங்கை அறிவித்தது. வாசல் திறந்திருக்கிறது, அம்பத்தூரின் சிறு பட்டறைகள் அதற்குள் நுழையுமா என்பதே கேள்வி.

கார்த் தொழிலில் அந்த நுழைவு தானாக நடக்கவில்லை. 1997 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளிநாட்டுக் கார் நிறுவனங்களுக்கு விதித்த நிபந்தனை: மூன்று ஆண்டில் 50 விழுக்காடும் ஐந்து ஆண்டில் 70 விழுக்காடும் உள்நாட்டுப் பாகம். சென்னையைச் சுற்றிய பாகத் தொழில் வலுப்பெற்றதில் அந்தக் கட்டாயத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி 2001இல் அது விதிமீறல் என்று தீர்ப்புப் பெற்றன. இன்று அந்த ஆயுதம் இல்லை. மாநிலத்திடம் அது என்றுமே இருந்ததில்லை.

இரண்டாவது மறுப்பு மாநிலங்களுக்கிடையிலான போட்டி பற்றியது. நிபந்தனை போட்டால் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். 2017இல் கார் நிறுவனமான கியா ஆந்திரத்தின் அனந்தபுரத்தைத் தேர்ந்தெடுத்ததும், 2025இல் இங்கே ஒப்பந்தமான கொரியக் காலணி ஆலை ஒன்று ஆந்திரத்தின் குப்பம் ஊருக்குப் போனதும் கண்முன் உள்ளன. உண்மைதான். ஆனால் இந்தப் போட்டியில் பணயம் வைக்கப்படுவது எது என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 12 மணி நேர வேலை நாளுக்கு இடம் தந்தது; எதிர்ப்பு எழ, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. நிலத்திலும் மின்சாரத்திலும் தொடங்கிய ஏலம் தொழிலாளியின் நேரம்வரை வந்துவிட்ட நாட்கள் அவை. வெறும் மலிவுதான் முதலீட்டை ஈர்க்கிறது என்றால் இங்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள். 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் பெண் ஆலைத் தொழிலாளர்களில் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தனர். பள்ளிச் சத்துணவும் பேருந்தும் ஊருக்கு ஊர் கல்லூரியும் பல பத்தாண்டுகளில் உருவாக்கிய உழைப்பாளர் படை அது. கலையரசனும் விஜயபாஸ்கரும் 2021இல் வெளியிட்ட திராவிட மாதிரி பற்றிய நூல் சமூக நலச் செலவுக்கும் தொழில் வளர்ச்சிக்கும் இடையிலான இந்தத் தொடர்பைத் தொகுத்துக் காட்டுகிறது. இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு மலிவை விற்பது மோசமான பேரம்.

மானியத்தின் அளவுகோல்

இந்த வாதம் சரியென்றால் நடைமுறையில் மாற வேண்டியது மானியத்தின் அலகு. தமிழ்நாட்டின் ஊக்கத்தொகைகள் பெரும்பாலும் போட்ட மூலதனத்தையும் விற்பனையையும் அளவாகக் கொண்டவை. வேலை எண்ணிக்கை தகுதி வரம்பாக மட்டும் வருகிறது. மூலதனத்துக்கு மானியம் கொடுத்தால் ஆளைக் குறைத்து இயந்திரம் வாங்குவதற்கும் அரசே பங்கு கொடுத்ததாகிறது. சம்பளப் பட்டியலை அலகாக வைத்தால், வருங்கால வைப்பு நிதியில் பதிவான சம்பளத்தின் ஒரு பங்கைச் சில ஆண்டுகள் திருப்பித் தருவதாக இருந்தால், ஒப்பந்தக் கூலிகளை ஏட்டில் ஏற்றுவதில் நிறுவனத்துக்கே ஆர்வம் வரும். இது புதுமையான யோசனையும் அல்ல. பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்களுக்கு, மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளுக்காக முதல் ஆண்டு 30, அடுத்து 20, பிறகு 10 விழுக்காடு என்று சம்பள மானியம் 2024இல் அறிவிக்கப்பட்டது. லட்ச ரூபாய்ச் சம்பளத்துக்குப் பொருந்தும் கணக்கு திருப்பூரில் தைக்கும் பவர்டேபிள் டெய்லருக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை.

புலம்பெயர் தொழிலாளர் தம் கூலியை ஒடிசாவுக்கும் பீகாருக்கும் அனுப்பிவிட்டால் கூலியும் மாநிலத்தில் தங்காதே என்று கேட்கலாம். ஒரு பகுதி போகத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் இல்லாமல் திருப்பூரின் ஆர்டர் முடிவதில்லை. அனுப்பியது போக மீதி இங்கேதான் செலவாகிறது.

டாலருக்கும் கூலிக்கும் இடையிலான வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதை 2025 ஆகஸ்டு காட்டிற்று. 27ஆம் தேதி முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்காவின் கூடுதல் தீர்வை 50 விழுக்காடாயிற்று. கைபேசிக்கு விலக்கு இருந்தது; பின்னலாடைக்கும் தோலுக்கும் காலணிக்கும் இல்லை. தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போகிறது, இந்திய அளவில் அது 20 விழுக்காடுதான் என்று சுட்டிக்காட்டி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வணிகத்தில் அதிகாரம் இல்லாத மாநிலத்தால் கடிதம்தான் எழுத முடியும். டாலர் மிகுந்து கூலி குறைந்த துறை தப்பித்தது, டாலர் குறைந்து கூலி மிகுந்த துறை அடி வாங்கியது. கைபேசி ஏற்றுமதி இதே வேகத்தில் போனால் ஆண்டு முடிவில் மாநிலத்தின் மொத்த ஏற்றுமதி உயர்ந்தே தெரியக்கூடும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்தால் அந்தக் கூட்டுத்தொகையில் அது எந்த வரியிலும் வராது.